காரின் மைலேஜ்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் இருப்பதால், உரிமம் வாங்கிச் சென்றவர்களும் அவர்கள் வீட்டாரும் மைலேஜ் பற்றி ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றைத் தொகுத்து இங்கே தந்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருவதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

கம்பெனியில லிட்டருக்கு 20 கொடுக்கும்னு சொன்னாங்க. எனக்கு 14-ஐத் தாண்டவே இல்ல. ஏமாத்திட்டாங்களா சார்?

ஏமாற்று என்று சொல்ல முடியாது. விளம்பரத்தில் வரும் எண் சாலையில் ஓட்டி எடுக்கப்பட்டதன்று. ஆய்வுக்கூடத்தில் வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி, எந்த விநாடியில் எந்த வேகம் என்று முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி சுமார் 20 நிமிடம் ஓட்டி, வெளிவரும் புகையை அளந்து கணக்கிடுகிறார்கள். அந்த அட்டவணையில் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான், ஏசி ஓடாது, எதிர்க்காற்றும் மேடு பள்ளமும் இல்லை. மே மாதப் பகலில் ஏசி போட்டுக்கொண்டு கிரீன் சர்க்கிள் சந்திப்பைக் கடக்கும் வண்டியிடம் அதே எண்ணை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இரண்டு மாடல்களை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். மாதச் செலவுக்கு உங்கள் வண்டியின் சொந்தக் கணக்கையே நம்ப வேண்டும்.

அந்தக் கணக்கை எப்படிப் போடுறது? டிஸ்பிளேயில காட்டுறதையே எடுத்துக்கலாமா?

பங்க்கில் பம்பு தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல் ஓட்டிவிட்டு, டேங்க் பாதிக்கு மேல் காலியானதும், முடிந்தால் அதே பங்க்கில் அதே பம்பில் மறுபடியும் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் கிடைப்பதே மைலேஜ். பம்பு நின்ற பிறகும் வண்டியைக் குலுக்கிக் குலுக்கி நிரப்பினால் கணக்குக் கெடும். அப்படி நிரப்புவது பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் அமைப்புக்கும் நல்லதன்று. ஒரு டேங்க்கை வைத்து முடிவுக்கு வராமல், மூன்று நான்கு டேங்க்குகளின் சராசரியை எடுங்கள்.

டிஸ்பிளேயில் தெரிவது, எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள் பீச்சப்பட்டது என்பதை வைத்து வண்டியின் கணினி போடும் மதிப்பீடு. அது பெரும்பாலும் சற்றுத் தாராளமாகவே காட்டும். நேற்றைவிட இன்று எப்படி ஓட்டினோம் என்று பார்ப்பதற்கு அது போதுமானது.

ஹைவேயில எந்த வேகத்துல போனா நல்ல மைலேஜ் கிடைக்கும்?

டாப் கியரில் எஞ்சின் திணறாமல் ஓடக்கூடிய குறைந்த வேகத்தில். இன்றைய ஐந்து, ஆறு கியர் கார்களில் அது பெரும்பாலும் 60-க்கும் 80-க்கும் இடையில் அமைகிறது. அதற்கு மேல் காற்றோடுதான் மல்லுக்கட்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 80-லிருந்து 100-க்குப் போகும்போது வேகம் கால் பங்குதான் கூடுகிறது, எதிர்ப்போ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது.

வேலூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 140 கி.மீ. வழி முழுவதும் சீராக 80-இல் போனால் 1 மணி 45 நிமிடம். 100-இல் போனால் 1 மணி 24 நிமிடம். கூடுதல் பெட்ரோல் கொடுத்து வாங்கும் அந்த 21 நிமிடம், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் பூந்தமல்லி நெரிசலில் கரைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்காக நான்குவழிச் சாலையின் வலது ஓரத்தில் 50-இல் ஊர்ந்து போகாதீர்கள். பின்னால் வரும் லாரிக்கு உங்கள் சிக்கனம் தெரியாது.

நான் டவுனுக்குள்ளதான் ஓட்டுறேன். அங்க வேகமே இல்லையே, பெட்ரோல் எங்க போகுது?

பிரேக்கில் போகிறது. வண்டியை நகர்த்தி 40-க்குக் கொண்டுவர எரித்த பெட்ரோலில் பெரும்பகுதி எஞ்சினிலேயே சூடாகப் போய்விடும். சக்கரத்துக்கு வந்து சேர்ந்த ஆற்றல் பெரும்பாலும் அந்த வேகமாகத்தான் வண்டியில் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் அது டிஸ்க்கில் வெறும் சூடாகிப் போகிறது. மீண்டும் 40-ஐத் தொடப் புதிதாக எரிக்க வேண்டும். ஆகவே நகரத்துக்குள் மைலேஜ் என்பது, எத்தனை முறை பிரேக் பிடிக்காமல் தப்பித்தோம் என்கிற கணக்கு. பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதையே படியுங்கள்.

பாகாயம்–காட்பாடி டவுன் பஸ்ஸின் பின்னால் போவதை எடுத்துக்கொள்வோம். பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது கிளம்பியதும் அதன் பம்பரை ஒட்டிப் பாய்வதும், அடுத்த நிறுத்தத்தில் அழுத்தி மிதிப்பதுமாகவே பலர் ஓட்டுகிறார்கள். மூன்று நான்கு கார் நீளம் இடைவெளி விட்டு, பஸ்ஸின் இடது இண்டிகேட்டர் விழுந்த உடனே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், நீங்கள் நெருங்குவதற்குள் பஸ் பல தடவை கிளம்பியிருக்கும். வண்டி முழுதாக நிற்கவே வேண்டியிருக்காது. பஸ்ஸின் பின்கண்ணாடியைப் பார்த்து ஓட்டாமல், அதற்கு முன்னால் இருக்கும் சாலையைப் பார்த்து ஓட்டுங்கள்.

இன்னொன்று ஹாஃப் கிளட்ச். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது, கிளட்சைப் பாதி விட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து வண்டியைத் தாங்கிப் பிடிப்பது பெட்ரோலையும் கிளட்ச் பிளேட்டையும் சேர்த்து எரிப்பதாகும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நில்லுங்கள்.

டாப் கியர்ல 30-லயும் போகுது என் வண்டி. அப்படியே போனா மைலேஜ் கூடும்தானே?

கூடாது. எஞ்சின் அதிர்ந்துகொண்டும் முனகிக்கொண்டும் இழுக்கும்போது, அதே வேகத்தைத் தக்கவைக்க ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும். எஞ்சினுக்கும் அது கேடு. பெட்ரோல் வண்டியில் 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.முக்குள்ளும் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்), டீசலில் 1,500 முதல் 2,000-க்குள்ளும் அடுத்த கியருக்கு மாறுவது பொதுவாகச் சரியாக இருக்கும். மாறிய பிறகு அதிர்வு தெரிந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

ஏலகிரி இறங்கும்போது நியூட்ரல்ல விட்டா பெட்ரோலே செலவாகாதுன்னு சொல்றாங்களே?

சொல்பவர்கள், பெட்ரோலைக் கணினி அளந்து கொடுக்காத கார்புரேட்டர் காலத்திலேயே நின்றுவிட்டார்கள். இப்போதைய வண்டிகளில் கியரிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால், கணினி எரிபொருள் பீச்சுவதை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. உடனடி மைலேஜ் காட்டும் டிஸ்பிளே இருந்தால் கவனியுங்கள்: காலை எடுத்த ஓரிரு விநாடியில் கோடு உச்சத்துக்குத் தாவும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க அது தொடர்ந்து பெட்ரோல் குடிக்கத்தான் வேண்டும். அதாவது மிச்சம் பிடிக்க நினைத்துச் செலவு செய்கிறீர்கள்.

அதைவிட முக்கியமானது உயிர். 14 கொண்டை ஊசி வளைவுகளை நியூட்ரலில் இறங்கினால் வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும்; பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். பேரணாம்பட்டு மலைப்பாதைக்கும் இதே விதிதான்.

சிக்னல்ல, ரயில்வே கேட்ல எஞ்சினை அணைக்கணுமா? ஸ்டார்ட் பண்ணும்போது அதிகமா இழுக்காதா?

சூடான எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் எரிபொருள், சுமார் பத்து விநாடி சும்மா ஓடுவதற்குச் சமம். ஆனால் ஒவ்வொரு பத்து விநாடிக்கும் அணைத்துப் போட்டால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் தேயும் என்பதால், அரை நிமிடத்துக்கு மேல் நிற்கப்போவது உறுதியாகத் தெரிந்தால் அணையுங்கள். சிறிய பெட்ரோல் எஞ்சின் ஏசி இல்லாமல் நின்றபடி ஓடினாலே மணிக்கு 600 மி.லி.க்குக் குறையாமல் குடிக்கும். ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் என்றால் 100 மி.லி.

ஏசி போட்டா மைலேஜ் போகுது, கண்ணாடி இறக்கினா காத்து இழுக்குது. எதுதான் செய்யறது?

இரண்டும் உண்மை, வேகம்தான் தீர்மானிக்கும். 50-க்குக் கீழே கண்ணாடி இறக்குவது சிக்கனம். நெடுஞ்சாலை வேகத்தில் கண்ணாடியை ஏற்றி ஏசி போடுவதே மேல். கடும் வெயிலில் குறுகிய தூரம் போய்வரும்போதுதான் ஏசி அதிகமாக வாங்கும். அப்போது மைலேஜ் கால் பங்கு வரைகூடக் குறையலாம். கொதிக்கும் வண்டியைக் குளிர வைப்பதற்குள் பயணமே முடிந்துவிடுவதுதான் காரணம்.

ஆகவே நம் ஊரில் ஏசியின் செலவைக் குறைக்கும் இடம் வண்டியை நிறுத்தும் இடம். நிழலில் நிறுத்துங்கள். ஏறியதும் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டி, உள்ளே அடைந்த அனல் வெளியேறிய பிறகு ஏசியைப் போட்டு, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்துங்கள். அதற்காக நாற்பது டிகிரியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஏசி இல்லாமல் ஓட்டுவதைச் சிக்கனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

வெயில்ல டயர் வெடிச்சிடும், காத்தைக் குறைச்சுப் பிடிங்கன்னு பஞ்சர் கடையில சொல்றாங்க. சரியா?

தவறு, அதுவும் ஆபத்தான தவறு. காற்றுக் குறைந்த டயர்தான் ஓட ஓடப் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிர்ந்து சூடேறி வெடிக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் வண்டிக்கான அளவு இருக்கிறது. ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பது தனியாக இருக்கும். அது டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. காலையில், வீட்டிலிருந்து இரண்டு மூன்று கி.மீ.க்குள் இருக்கும் இடத்தில் பிடியுங்கள். நண்பகலில் ஹைவேயில் ஓட்டி வந்தபின் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

மைலேஜ் கணக்கில் சொன்னால், நான்கு டயரிலும் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. குறைவுக்கும் ஏறத்தாழ 0.2 சதவீதம் இழப்பு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் டயரின் ஆயுளையும் சேர்த்துப் பார்த்தால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை காற்றைப் பார்ப்பதைப் போல மலிவான பராமரிப்பு வேறில்லை. நைட்ரஜன் பிடித்தால் மைலேஜ் கூடுமா என்றும் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

விடியற்காலையில பெட்ரோல் போட்டா அதிகம் கிடைக்குமா?

பங்க்கின் தொட்டி மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் அங்கே வெப்பம் அதிகம் மாறாது. நேரம் கிடைக்கும்போது போடுங்கள்.

ஏர் ஃபில்டரை மாத்துனா மைலேஜ் ஏறும்னு மெக்கானிக் சொல்றார். மாத்தினேன், ஏறல.

பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் ஏறியிருக்கும். காற்று குறைந்தாலும் அதில் பெட்ரோல் குறையாது, கரும்புகையாகப் போகும். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பவே பெட்ரோலைக் கணினி கொடுப்பதால், அடைத்த ஃபில்டரால் மைலேஜைவிட இழுவைதான் குறையும். தூசியை உள்ளே விட்டு எஞ்சினைத் தேய்க்காமல் இருக்கவே ஃபில்டர். மணல் லாரி, ஜல்லி லாரி ஓடும் சாலைகளில் தினமும் போகிறவர்கள் கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றுவது நல்லது.

நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் ஊத்தணுமாமே?

வண்டியின் கையேட்டில் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்று ஆயிலின் கெட்டித்தன்மைக் குறியீடு போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். சூடேறிய எஞ்சினுக்குள் ஆயிலின் வெப்பத்தைப் பெரும்பாலும் ரேடியேட்டரும், அதற்குத் தண்ணீர் போவதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வும்தான் கட்டுப்படுத்துகின்றன. வெளியே 30 டிகிரியா 42 டிகிரியா என்பதால் அதிக வேறுபாடு வராது. தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் ஒன்றிரண்டு சதவீத மைலேஜைத் தின்றுவிடும். ஆயில் குடிக்கும் பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில் ஊற்றுவது வேறு கதை. அது மைலேஜுக்கான வைத்தியமன்று.

வண்டி ஹீட் ஆகுதுன்னு தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிட்டாங்க. அதுக்கப்புறம் மைலேஜ் குறைஞ்சிடுச்சு. சம்பந்தம் இருக்கா?

நேரடியான சம்பந்தம் இருக்கிறது. வெயில் ஊர்களில் இது பழக்கமாகவே ஆகிவிட்டதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எஞ்சின் 80 டிகிரிக்கு மேல் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைப்பது அந்த வால்வின் வேலை. அதைக் கழற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே தண்ணீர் ரேடியேட்டரில் ஆறிக்கொண்டிருக்கும். மார்கழிக் காலையில் ஹைவேயில் போகும்போது எஞ்சின் உரிய சூட்டை எட்டவே எட்டாது. சென்சார் எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று தெரிவித்துக்கொண்டே இருப்பதால், கணினியும் ஸ்டார்ட் செய்த புதிதில் கொடுப்பதைப் போலக் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆயிலும் சரியாக இளகாது.

உண்மையான நோய் வேறெங்கோ இருக்கிறது: ரேடியேட்டர் அடைப்பு, ஓடாத ஃபேன், தேய்ந்த வாட்டர் பம்பு அல்லது கூலன்ட்டுக்குப் பதில் ஊற்றிய போர் தண்ணீர். நம் பக்கத்துப் போர் தண்ணீர் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது போலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. அதைச் சரிசெய்து, புது வால்வைப் போட்டு, கையேட்டில் சொன்ன கூலன்ட்டை நிரப்பச் சொல்லுங்கள். முள் நடுவில் நின்றால்தான் சரி. கீழேயே கிடப்பது ஆரோக்கியமன்று.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்துதான் மைலேஜ் இறங்கிச்சு. சரிதானே?

ஓரளவுக்குச் சரி. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, 10 சதவீதக் கலவைக்கு வடிவமைத்து 20-க்குச் சீரமைத்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும், கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10-க்குச் சீரமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டது. ஆகவே பழைய வண்டியில் 15 கொடுத்தது 14 ஆனால் எத்தனாலைச் சொல்லலாம். 11 ஆகிவிட்டது என்றால் கடைசிக் கேள்விக்குப் போங்கள்.

விலை கூடின பெட்ரோல், டேங்க்ல ஊத்துற பாட்டில், பைப்புல மாட்டுற காந்தம், இதுல ஏதாவது வேலை செய்யுமா?

விலை கூடிய பெட்ரோலின் சிறப்பு அதன் ஆக்டேன் எண். அழுத்தம் மிகுந்த எஞ்சினில் நேரத்துக்கு முன் பற்றிக்கொள்ளாமல் அது தடுக்கும். அதில் கூடுதல் ஆற்றல் எதுவும் அடைத்து வைத்திருக்கவில்லை. கையேடு கேட்டால் போடுங்கள். பாட்டிலுக்குச் செலவிடும் பணத்தில் பிளக் மாற்றிவிடலாம். காந்தத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மாட்டலாம்.

பி.எஸ்.6 டீசல் வண்டி, வீட்டுக்கும் ஆபீசுக்கும் தினம் 4 கி.மீ.தான். மைலேஜ் ரொம்ப மோசம், ஏன்?

பி.எஸ்.6 என்னும் புகை விதிப்படி வந்த அந்த வண்டியின் சைலன்சர் பாதையில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும், கூடுதல் டீசலைப் பீச்சி 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் கரியை எரித்து வெளியேற்றும். இதற்குத் தொடர்ச்சியான ஓட்டம் தேவை. நான்கு கி.மீ.யில் அணைத்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும். அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். அத்தனை டீசலும் வீண். ஒரு பகுதி ஆயிலிலும் கலந்து, ஆயில் அளவு கூடிக்கொண்டே போகும்.

வாரம் ஒருமுறை 60-க்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்டுங்கள். பள்ளிகொண்டா பக்கம் போய்த் திரும்புவது சரியான தூரம். சுங்கச்சாவடிக்கு முன்பே திரும்பிவிடுங்கள், இல்லாவிட்டால் மிச்சம் பிடித்ததை அங்கே கட்டிவிட்டு வருவீர்கள். இன்னும் வண்டி வாங்கவில்லை என்றால், இந்த ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம்.

அகலமான பெரிய டயர் மாட்டினேன். மைலேஜ் 5 சதவீதம் குறைஞ்சிடுச்சு. எல்லாம் டயர் குடிக்குதா?

எல்லாமே அன்று. ஓடோமீட்டர் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணித்தான் தூரத்தைக் காட்டுகிறது. டயரின் விட்டம் 3 சதவீதம் கூடினால், ஒவ்வொரு சுற்றுக்கும் 3 சதவீதம் அதிகத் தூரம் போவீர்கள். மீட்டர் அதை அறியாது. அந்த 3 சதவீதக் குறைவு வெறும் கணக்குப் பிழை. மீதிக் குறைவுக்குத்தான் அகலமும் எடையும் காரணம். வேகமானியும் அதே அளவுக்குக் குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

லிட்டருக்கு 2 கி.மீ. கூடினா எல்லாருக்கும் ஒரே லாபம்தானே?

இல்லை. 1,000 கி.மீ. ஓட்டும் வண்டி 10-லிருந்து 12-க்கு ஏறினால் கிட்டத்தட்ட 17 லிட்டர் மிச்சம். 18-லிருந்து 20-க்கு ஏறினால் ஐந்தரை லிட்டர்தான். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால், குறைவாகக் கொடுப்பதை முதலில் கவனியுங்கள்.

எல்லாம் சரியாத்தான் செய்றேன். போன மாசம் 15, இப்ப 11. எங்கிருந்து தேடுறது?

முதலில் இரண்டாம் பதிலில் சொன்னபடி அளந்து உறுதிசெய்யுங்கள். பிறகு ஏசி, டயர் காற்று, தெர்மோஸ்டாட் என மேலே சொன்னவற்றைச் சரிபாருங்கள். அவை சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக். பத்து கி.மீ. ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகில் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. சமதளத்தில் நியூட்ரலில் ஒரு ஆள் தள்ளிச் சிறிய கார் நகரவில்லை என்றாலும் அதே சந்தேகம்தான்.

டயரின் மேற்பரப்பில் குறுக்காக, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் தட்டினால் அலைன்மென்ட் போய்விட்டது. டயர் உருளாமல் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு போகிறது. ஏற்றத்தில் ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால் இவை எதையும் தேடாமல் நேராக ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். ஆக்ஸிஜன் சென்சார் ஒன்று பழுதானாலே பெட்ரோல் கணிசமாகக் கூடுதலாகப் போகும். எந்தச் சென்சார் என்று பார்க்காமலேயே எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.